விளாவாத வெந்நீர்

அன்புள்ள முரளி,

மாட்டுங்காவில் இன்றைய தேதிக்கு எங்கள் இருவர் வயிறும் சௌக்கியம். அங்கே உன் வயிறும் கிறிஸ்டாவின் வயிறும் எப்படி இருக்கின்றன என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம். அம்மாவுக்கு என்ன ஆயிற்று, கடிதத்தை இப்படி ஆரம்பிக்கிறாளே என்று சிரிக்காதே. போன வாரம் வந்த உன் கடிதத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வயிறுதான். நான் அதற்குப் பதில் எழுதுகிறேன், அவ்வளவுதான். கொஞ்சம் நீளமான பதில். தபால் தலைக்கு ஆகும் செலவைப் பார்த்து அப்பா முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். இதில் அவருக்கும் பெரிய பங்கு உண்டு. என்ன பங்கு என்று போகப் போகத் தெரிந்துகொள்வாய்.

நீ எழுதியது இதுதான். கல்யாணமான பிறகு முதல் தடவையாகக் கிறிஸ்டாவை அழைத்துக்கொண்டு வருகிறாய். ஜெனோவாவில் கப்பல் ஏறி, மார்கழி பிறக்கும் சமயத்தில் பம்பாயில் இறங்குவீர்கள். இதுவரை படித்ததும் அப்பா எழுந்து நின்று, அந்த முழங்கால் வலியை வைத்துக்கொண்டு, முன்னறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு உட்கார்ந்து மீதியைப் படித்தார். தங்குவது நம் வீட்டில் இல்லை, சர்ச்கேட் பக்கம் ஒரு ஹோட்டலில். பகலில் வந்து பார்த்துவிட்டுப் போவீர்கள். சாப்பாட்டுக்கு எந்த ஏற்பாடும் வேண்டாம். ஏனென்றால் ஜெர்மனியில் உன்னோடு வேலை பார்க்கிற கார்ல், போன வருஷம் பம்பாயில் தன் வயிறு பட்ட பாட்டை ஒன்று விடாமல் கிறிஸ்டாவிடம் சொல்லியிருக்கிறான், அவள் பயந்துபோயிருக்கிறாள். அதே கார்ல் தன் இயந்திரத்தைச் சரிபார்க்க மறுபடி பம்பாய் வருகிறான், அவனைச் சாப்பிடக் கூப்பிட்டுத் தர்மசங்கடத்தில் மாட்டிவைக்காதீர்கள் என்று ஓரத்தில் வேறு பொடி எழுத்தில் எழுதியிருந்தாய். 'அம்மா தப்பாக நினைக்கமாட்டாள்' என்று முடித்திருந்தாய்.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, அடுப்பில் பால் பொங்குவதற்குள் போய்விட்டது. போகாமல் நின்றது வேறு ஒன்று. உன் கல்யாணத்தை நான் புகைப்படத்தில்தான் பார்த்தேன். கன்னத்தில் குழி விழச் சிரிக்கிற அந்தப் பெண்ணை அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போயிற்று. அந்தப் படத்தை அப்பா தெரிந்தவர்களுக்கெல்லாம் காட்டிக் காட்டி ஒரு மூலை மடங்கியே போய்விட்டது. அவள் டாக்ஸியில் வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போவாள் என்று நினைத்து அழுதேன். மருமகள் என் வீட்டில் சாப்பிடவேண்டும், முரளி. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். நகையோ புடவையோ மந்திரமோ எதுவும் நான் கேட்கவில்லை. ஆனால் அவளுக்கு வயிற்றைக் கலக்கிப் படுத்துவிட்டால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அதனால்தான் அழுவதை விட்டுவிட்டு, பயணம் போகிறவர்களுக்கு ஏன் வயிறு கெடுகிறது என்று அடியிலிருந்து விசாரிக்க ஆரம்பித்தேன். விசாரித்ததில் வீட்டுக்குள்ளேயே குற்றவாளி பிடிபட்டார்.

கார்லுக்கு அன்றைக்கு இங்கே நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முழுதும் சொல்கிறேன். போன வருஷம் ஆடி மாதம். பரேல் மில்லில் இயந்திரம் பூட்ட வந்தவனை, 'என்னோடு வேலை பார்ப்பவன், ஒரு வேளையாவது வீட்டுச் சாப்பாடு போடு' என்று நீதான் அனுப்பினாய். மழை என்றால் அப்படி ஒரு மழை. கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவு தண்ணீர், குழாயில் வருவதோ டீத் தண்ணீர் நிறம். வெள்ளைக்காரப் பிள்ளைக்குச் சூடும் ஆகாது, காரமும் ஆகாது என்று நான் விடியும்போதே எல்லாவற்றையும் சமைத்து மூடி, நன்றாக ஆறட்டும் என்று வைத்துவிட்டேன். மிளகாயைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சு என்று நீ எழுதியிருந்ததால் பெரிய பித்தளைப் பாத்திரம் நிறையத் தளதளவென்று கொதிக்கவைத்தேன். மத்தியானம் கார்ல் வந்தான். சம்மணம் போட்டு உட்காரத் தெரியாமல் நீள நீளமாகக் காலை நீட்டிக்கொண்டு, மோர்க்குழம்பை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பக்கத்துப் போர்ஷன் மாமிகள் வாசலில் நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாளே ஹோட்டலிலிருந்து ஆள் வந்துவிட்டது. மேல்மாடி சாவித்திரி, நீ ஸ்கூலில் அவள் பின்னலை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாயே, அவள்தான் இப்போது டாக்டர், போய்ப் பார்த்தாள். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் நான் கொடுத்தனுப்பினேன். அந்த வாரம் முழுக்க அவன் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடந்ததுதான் நடை, இயந்திரம் பூட்டின பாடில்லை. பிழைத்து எழுந்து, வேலையை ஒருவழியாக முடித்துவிட்டு ஊருக்குப் போனான். பழி என்னவோ என் மோர்க்குழம்பின் தலையில் விழுந்தது. யாரும் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அப்பா மட்டும் அவ்வப்போது ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, "அன்னிக்கு மோர் கொஞ்சம் புளிச்சுப் போயிருந்ததோ என்னமோ" என்று மேலே விட்டத்தைப் பார்த்துச் சொல்வார். அன்றிலிருந்து விருந்தாளிகள் வந்தால் இந்த வீட்டில் மோர்க்குழம்பு கிடையாது. உனக்கு எழுதவில்லை, எனக்கே வெட்கமாக இருந்தது.

இப்போது போன வாரத்துக்கு வா. உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கே நான் சொல்லிவிட்டேன், கிறிஸ்டா வருகிறாளோ இல்லையோ, இன்று முதல் இந்த வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர் குடிக்கக்கூடாது, எல்லோரும் பழகிக்கொள்ளவேண்டும் என்று. பாத்திரத்தில் தண்ணீர் கொதித்து இறங்கியது. அப்பா நடந்துவிட்டு வந்தார், நல்ல தாகம். டம்ளரில் வெந்நீரை எடுத்தார். விரலை வைத்துப் பார்த்து 'ஸ்' என்றார். நேரே சமையலறை மூலைக்குப் போனார், அண்டாவைத் திறந்தார், குழாய்த் தண்ணீரைக் கைச்செம்பில் மொண்டு டம்ளரில் ஊற்றினார், மறுபடி விரலை வைத்துப் பார்த்தார், திருப்தியாகக் குடித்தார்.

"ஏன்னா, என்ன பண்றேள்?" என்றேன்.

"வெந்நீர் குடிக்கறேன். நீதானே சொன்னே?"

"அதுல என்னத்தை விட்டேள்?"

"விளாவினேன். விளாவாம அப்படியே குடிச்சா நாக்கு வெந்துடாதா?" என்றவர், கொஞ்சம்கூடக் கள்ளமில்லாமல் தொடர்ந்தார். "அன்னிக்குக் கார்லுக்கும் இப்படித்தானே விளாவிக் குடுத்தேன். பாவம், கொழந்தைக்கு வேர்த்துக் கொட்டித்து. கொதிக்கக் கொதிக்கக் குடுன்னா எப்படிக் குடிப்பான்? பதமா விளாவினேன், டம்ளர் டம்ளரா வாங்கிக் குடிச்சானே."

நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். அப்புறம் சிரிப்பு வந்தது பார், அடக்கவே முடியவில்லை. ஒரு வருஷமாக என் மோர்க்குழம்பு சுமந்த பழி! நான் கொதிக்கவைத்த தண்ணீரை இந்த மனுஷர் ஆடி மாதத்துக் குழாய்த் தண்ணீரால் விளாவி, அன்பாக, உபசாரமாக, கேட்கக் கேட்க ஊற்றியிருக்கிறார். அவரை மட்டும் என்ன சொல்வது? விளாவாமல் வெந்நீரை யாருக்கு எப்போது கொடுத்திருக்கிறோம் நாம்? குளிக்க விளாவுகிறோம், கால் அலம்ப விளாவுகிறோம், ஜுரத்தில் கிடப்பவனுக்குக் குடிக்கவும் விளாவித்தான் கொடுக்கிறோம். வெந்நீர் என்றாலே நமக்கு விளாவிய வெந்நீர்தான். தண்ணீரை எதற்காகக் கொதிக்கவைக்கிறோம் என்று அந்தக் கைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஜெர்மனிக்காரன் இப்படி ஒரு தப்பைச் செய்யவேமாட்டான், அவனுக்கு அந்த வார்த்தையே கிடையாது என்று நினைக்கிறேன். கிறிஸ்டாவைக் கேட்டுப் பார்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "கொழாய்லதான் துணி கட்டியிருக்கோமே, வடிகட்டின தண்ணிதானே அண்டாவில இருக்கு" என்று வாதாடினார். வழக்கு மேல்மாடிக்குப் போயிற்று. சாவித்திரி மாடிப்படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

"மாமா, துணியில மண்ணும் தூசியும்தான் நிக்கும். கிருமி நிக்காது. பாதி வெந்நீர், பாதி பச்சைத் தண்ணின்னா அது முழுக்கப் பச்சைத் தண்ணிதான். அதுவும் மழைக்காலத்துல சாக்கடையும் குடிதண்ணியும் எங்கேயாவது ஒரு ஓட்டைக் கொழாயில சந்திச்சுண்டே இருக்கும்."

"அப்படின்னா எனக்கு ஏன் ஒண்ணும் ஆகலை? நானும் அதைத்தானே குடிச்சேன்?"

"நீங்க இந்தத் தண்ணியோட எத்தனை வருஷமாக் குடித்தனம் பண்றேள்! உங்க வயித்துக்கு இந்த ஊர்க் கிருமியில பாதி பழக்கம். கார்ல் வயித்துக்கு எல்லாமே புதுசு. அதான் வெளியூர் போறவாளுக்குப் போன புதுசுல வயிறு கெடறது. இங்கேர்ந்து அங்கே போனாலும் சில பேருக்கு அப்படித்தான்."

அவள் சொன்ன இன்னொன்றைக் கேட்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். மிளகாய் நாக்கை எரிக்கும், பழக்கமில்லாதவன் வயிற்றையும் கொஞ்சம் எரிக்கும். ஆனால் ஒருவனை வாரக்கணக்கில் படுக்கவைப்பது கிருமிதான். அந்தக் கிருமி வரும் வழியை அவள் கூச்சமில்லாமல் சொன்னாள், நானும் அப்படியே எழுதுகிறேன்: ஒருவருடைய வயிற்றிலிருந்து வெளியே போனது எப்படியோ சுற்றி இன்னொருவருடைய வாய்க்கு வந்து சேருகிறது. தண்ணீர் வழியாக வரும், சோப்புப் போடாத கை வழியாக வரும், ஈயின் கால் வழியாக வரும், கழுவாத கீரை வழியாக வரும். கொதிக்கும் சூடு ஒன்றுதான் அதை நம்பகமாகக் கொல்லும். நான் கார்லுக்குக் காரம் ஆகாதே என்று மிளகாயை ஒளித்துவைத்தேன். ஒளித்துவைக்கவேண்டியது அண்டாவை!

மோர்க்குழம்புக்கு விடுதலை கேட்டேன். முழு விடுதலை கிடைக்கவில்லை, ஜாமீன்தான் கிடைத்தது. "விடியக் காத்தாலே பண்ணி ஆறவெச்சு மத்தியானம் போட்டேளே மாமி, அதுவும் தப்புதான். வெதுவெதுப்பா மூடிக் கிடந்தா கிருமிக்கு அதைவிட சொகுசு ஏது? இறக்கினவுடனே சுடச்சுடப் போடுங்கோ" என்றாள். கார்லின் மேலும் ஒரு குற்றம் சாட்டினாள். நெஞ்செரிச்சல் என்று அவன் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஏதோ வெள்ளை மாத்திரை சப்பிக்கொண்டிருந்தானே, அது வயிற்றில் ஊறுகிற புளிப்பை அடக்கிவிடுகிறதாம். அந்தப் புளிப்புதான் உள்ளே வருகிற கிருமிகளில் நிறையப் பேரை வாசலிலேயே முடித்துவிடுகிற காவல்காரன். காவலைத் தூங்கவைத்துவிட்டு அப்பாவின் தண்ணீரை உள்ளே விட்டிருக்கிறான் பிள்ளை. கிறிஸ்டாவுக்கு அப்படி மாத்திரை சாப்பிடும் பழக்கம் இருந்தால் அங்கேயே டாக்டரைக் கேட்டுக்கொள்ளச் சொல்.

இதற்குப் பிறகு அப்பா புது மனுஷராகிவிட்டார். குற்றவாளி திருந்தினால் போலீஸ்காரனைவிடக் கெடுபிடி அதிகம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் யாரும் டம்ளரை விட்டு மொள்ளக்கூடாது, விரல் படும் என்று சொல்லி, அடியில் குழாய் வைத்த பானை வேண்டும் என்று தாராவியில் குயவர்கள் இருக்கிற பக்கம் போய், தன் இந்தியில் அவர்களோடு மல்லுக்கட்டி ஒன்று சொல்லிச் செய்வித்துவிட்டார். அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்த ஆள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியிலேயே குடியிருப்பவர். பானையை இறக்கிவைத்துவிட்டு அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏன் சாமி, பானைக்கு எதுக்குக் கொழாயி? மோந்து குடிச்சா என்ன கொறஞ்சா போவும்?"

"மருமக வரா" என்றார் அப்பா, அதிலேயே எல்லாம் அடங்கிவிட்டது போல.

"அப்பச் சரிதாம்" என்று அந்த மனிதரும் ஒத்துக்கொண்டு, என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். கொதித்து ஆறிய தண்ணீர்தான் கொடுத்தேன். இப்போது அது ஒன்றுதான் இந்த வீட்டில் கிடைக்கும். மோர் கரைப்பது அதில்தான், தேங்காய்ச் சட்னி அரைப்பது அதில்தான். வாழையிலைக்குத் தெளிக்கிற தண்ணீர்கூட அதுதான். இலை ஈரமாக இருக்கும்போதே சாதம் விழுகிறதே, இத்தனை நாள் அதை நாம் யோசித்தோமா? கொத்துமல்லியைக் கடைசியில் பச்சையாகத் தூவுவதை நிறுத்திவிட்டேன், ரசம் கொதிக்கும்போதே உள்ளே போட்டுவிடுகிறேன். பார்க்க அழகு கொஞ்சம் குறைச்சல்தான், பரவாயில்லை. ஐஸ் அடியோடு கிடையாது. ரோஸ் மில்க்குக்கு ஐஸ் இல்லையா என்று அப்பா முகத்தைத் தொங்கப்போட்டார். ஐஸ்கட்டி எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யாருக்குத் தெரியும், குளிரில் கிருமி சாவதில்லை, போர்த்திக்கொண்டு தூங்கும், அவ்வளவுதான் என்று சாவித்திரி சொன்னதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன்.

ஐஸ் என்றதும் உன் ஞாபகம் வருகிறது. ஸ்கூல் வாசலில் சிவப்புப் பாகு ஊற்றின ஐஸ் கோலா வாங்கித் தின்றுவிட்டு, 'நான் தின்னவே இல்லைம்மா' என்று ரத்தச் சிவப்பு நாக்கை நீட்டிச் சத்தியம் செய்தாயே. அப்போது உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது வாஸ்தவம். அந்தத் தைரியம் உனக்கு இன்னும் இருக்கும் என்றுதான் நான் உன்னை எச்சரிக்கிறேன். கிறிஸ்டாவைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாயே, உன் வயிற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. நீ பம்பாய்க்காரன், உனக்கு எதுவும் ஆகாது என்ற நினைப்பு! போய் எத்தனை வருஷம் ஆகிறது? உன் வயிறும் இப்போது வெள்ளைக்கார வயிறுதான். சொந்த ஊருக்குத் திரும்பி வருகிறவர்கள்தான் நிறையப் பேர் படுத்துவிடுகிறார்கள், அவர்கள்தான் எதற்கும் பயப்படுவதில்லை என்று சாவித்திரி சொல்கிறாள். கப்பலை விட்டு இறங்கினதும் சௌபாத்திக்குப் பேல்பூரி தின்ன ஓடுவாய் என்று எனக்குத் தெரியும். ஓடாதே. அந்தப் புதினாச் சட்னியும் பானிபூரித் தண்ணீரும் உன்னை முதலில் கவிழ்க்கும், உன் பெண்டாட்டி உன்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

கப்பலிலும் ஜாக்கிரதை தேவை. சூயஸ் தாண்டும்போதும் ஏடனில் நிற்கும்போதும் படகில் வந்து பழம் விற்பார்கள். நறுக்கி வைத்த தர்பூசணியைத் தொடாதே. கத்தியும் கையும் ஈயும் அதைத் தொட்டாயிற்று. வாழைப்பழம், ஆரஞ்சு என்று நீயே தோலுரிக்கிறதாக வாங்கு. கப்பல் சாப்பாட்டு அறையில் நெடுநேரமாகப் பரப்பி வைத்திருக்கிற குளிர்ந்த இறைச்சி, பச்சைக் காய்கறி, கிரீம் பலகாரம் இதெல்லாம் அவள் ஊர் வழக்கமாக இருக்கலாம், கடல் சூட்டில் வேண்டாம். அடுப்பிலிருந்து நேரே வந்து ஆவி பறக்கிறதைச் சாப்பிடுங்கள். காய்ச்சாத பால் வேண்டாம். பல் தேய்த்து வாய் கொப்பளிக்கிற தண்ணீரையும் மறக்காதே, எல்லோரும் கோட்டை விடுவது அங்கேதான். மீறி வயிறு போனால் பட்டினி கிடக்காமல் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்ட கஞ்சித் தண்ணீரை விடாமல் குடிக்கவேண்டும், ஜுரமோ ரத்தமோ கண்டால் உடனே டாக்டரிடம் போகவேண்டும். இத்தனையும் சொன்னேன் என்று கிறிஸ்டாவைப் பயமுறுத்தாதே. அவளிடம் சுருக்கமாகச் சொல்: சுடச்சுட, கொதிக்கக் கொதிக்க, சோப்புக் கை. அவ்வளவுதான் விஷயம்.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். கடிதத்தைத் தபாலில் போடவில்லை. என்னதான் எழுதினாலும் வாய்ப்பேச்சை நம்பி நீ உன் பெண்டாட்டியை அழைத்து வருவாயா? சாட்சி வேண்டும் இல்லையா? கார்லைக் கூப்பிடவேண்டாம் என்று ஓரத்தில் எழுதியிருந்தாய். அவன் பம்பாய் வந்து சேர்ந்ததும் கூப்பிட்டேன்.

நான் கூப்பிட்டால் வரமாட்டான் என்று அப்பாவே கோட்டை மாட்டிக்கொண்டு அவன் ஹோட்டலுக்குப் போனார். என்ன பேசினார் என்று வந்து நடித்துக் காட்டினார். "மிஸ்டர் கார்ல், நாட் மை வைஃப்ஸ் பட்டர்மில்க். மீ. ஒன்லி மீ" என்று மார்பில் கை வைத்துச் சொன்னாராம். விளாவுதலை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மேஜையிலிருந்த காபிக் கோப்பையையும் தண்ணீர் டம்ளரையும் எடுத்துச் செய்தே காட்டியிருக்கிறார். கார்ல் அந்த நீளக் கையால் அப்பாவின் தோளைக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கிச் சிரித்தானாம். வருகிறேன் என்றான். வந்தான், ஞாயிற்றுக்கிழமை, கையில் ஒரு பெரிய சோடா பாட்டிலோடு. சிரித்தாலும் பயம் பயம்தானே, அவனைக் குற்றம் சொல்லமாட்டேன்.

அன்றைக்கு அப்பாவைப் பார்த்திருக்கவேண்டும் நீ. வாசலிலேயே சோப்பும் செம்புமாக நின்று கார்லின் கையை அலம்பிவிட்டார், பிறகு தன் கை, பிறகு என் கை. அவன் கண்ணெதிரே பம்பு ஸ்டவ்வில் தண்ணீரைக் கொதிக்கவிட்டார். டம்ளர்களையும் டவராவையும் கொதிநீரில் முக்கி எடுத்தார். டம்ளரில் வெந்நீரை ஊற்றினார், கை தானாக அண்டா இருக்கிற மூலையைப் பார்த்துத் திரும்பிற்று, நான் தொண்டையைச் செருமினேன். உடனே கையைத் தலைக்கு மேலே தூக்கி, காபி ஆற்றுவது போல, டம்ளரிலிருந்து டவராவுக்கு ஒரு முழ நீளத்துக்குத் தண்ணீரை விட்டு ஆற்ற ஆரம்பித்தார். விளாவக் கற்ற கைக்கு ஆற்றவும் தெரியும், அது எங்கள் இருவருக்கும் இத்தனை நாள் தோன்றவே இல்லை! ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கார்ல் எழுந்து நின்று கைதட்டினான். அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தான். சோடா பாட்டிலை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டான். அடுப்பிலிருந்து நுரைத்து இறங்கின கையோடு மோர்க்குழம்பைச் சாதத்தில் விட்டேன், இந்தத் தடவை மிளகாயும் தாளித்துத்தான். அவனுக்கு மூக்கில் நீர் வந்தது, இலையில் ஒன்றும் மிச்சமில்லை.

அடுத்த நாள் நான் வேலை ஒன்றும் செய்யவில்லை என்றே சொல்லலாம். உடம்புக்கு ஏதாவது வந்தால் சாவித்திரி வீட்டு டெலிபோனில் கூப்பிடுவதாகக் கார்ல் சொல்லியிருந்தான். மேலே மணி அடிக்கும்போதெல்லாம் அப்பா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார், ஏதோ அவருக்கே போகப்போகிற மாதிரி. ஒரு தடவை சாவித்திரியின் அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து "உங்களுக்குத்தான்!" என்று கூவினாள். அப்பா சாமி அலமாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். நானேதான் ஏறிப் போனேன். செம்பூரிலிருந்து உன் அத்தை, வத்தல் இருக்கிறதா என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறாள். வாழ்க்கையில் முதல் தடவையாக உன் அத்தையின் குரலைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது, இதை அப்பாவிடம் சொல்லிவிடாதே. அதற்கு அடுத்த நாளும் கார்லிடமிருந்து ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பது நல்ல செய்தியா, அவன் டெலிபோன்வரைகூட நடக்க முடியாமல் கிடக்கிறானா என்று தெரியாமல் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்று காலையில் கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் கார்ல் நிற்கிறான். முகம் தக்காளிப் பழமாக இருக்கிறது, வாய் காது வரைக்கும் சிரிக்கிறது. கையில் அன்றைக்குத் திரும்ப எடுத்துப் போன அதே சோடா பாட்டில், ஆனால் காலி. அதை அப்பாவிடம் நீட்டி, முன்னறை மூலையில் இருக்கிற குழாய் வைத்த பானையைக் காட்டினான். ஹோட்டல் தண்ணீரை அவனால் நம்ப முடியவில்லையாம். தினமும் மில்லுக்குப் போகும் வழியில் இங்கே வந்து நிரப்பிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறான்! அப்பா அந்தப் பாட்டிலை வாங்கிக் கொதிநீரில் அலசிவிட்டுப் பானைக் குழாயைத் திறந்தார். அவர் மூக்குக்கண்ணாடியெல்லாம் நனைந்திருந்தது, வெந்நீர் ஆவி என்று சொல்லிக்கொண்டார். நடந்ததையெல்லாம் கிறிஸ்டாவுக்குத் தானே எழுதுகிறேன் என்று கார்ல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அதற்கு முன்னால் என் கடிதம் வந்து சேரட்டும் என்று அவசரமாக முடிக்கிறேன்.

ஹோட்டல் அறையை வேண்டாம் என்று எழுதிவிடு, முரளி. உள்ளறையில் கட்டிலைப் போட்டாயிற்று, கொசுவலையும் கட்டியாயிற்று. கிறிஸ்டாவுக்குப் பிசைந்து சாப்பிடத் தெரியாது என்று கவலைப்படாதே. வந்த அன்றைக்கு இலை முன்னால் உட்காரட்டும். அவளுடைய முதல் கவளத்தை நானே சுடச்சுடப் பிசைந்து அவள் வாயில் ஊட்டுவேன். சோப்புப் போட்டு அலம்பின கையால்தான் ஊட்டுவேன் என்று அவளிடம் சொல்.

உன் அம்மா.